தகட்டை வெளியே எடுத்தால்

வெலினாவின் நொதி முப்பதாம் நாளும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று புரொபசர் ஒக்னியான் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிவித்தார். அறிவித்ததோடு நிறுத்தியிருந்தால் மில்கானா பொறுத்துக்கொண்டிருப்பாள். மனிதர் கைதட்டவும் செய்தார். சோபியா நகரத்தில் அந்த ஆய்வகம் தொடங்கிய நாளிலிருந்து அந்த அறையில் யாரும் யாருக்கும் கைதட்டியதில்லை. மில்கானா பதினான்கு வருடமாக அங்கே வேலை பார்க்கிறாள். அவளுக்கு அவர் செய்த அதிகபட்ச மரியாதை, "பரவாயில்லை" என்று சொன்னதுதான். அதுவும் இரண்டே தடவை.

அவள் கையிலிருந்த பானிட்ஸாவைக் கடித்தாள். வழக்கமாக அவளுக்கு உயிரான பலகாரம். அன்றைக்குப் பாலாடைக்கட்டியும் மாவும் சேர்ந்து அட்டையாக நெஞ்சில் நின்றன. மேசைக்கு எதிர்ப்பக்கம் வெலினா தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். வெட்கமாம்! முப்பத்தொரு வயதில், முப்பது நாள் உயிரோடிருக்கும் நொதியை வைத்துக்கொண்டு, வெட்கம்!

மெக்கானிக் லூபென், தொட்டிகளையும் மோட்டார்களையும் பழுதுபார்ப்பவர், வாயும் கொஞ்சம் நீளம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சாய்ந்து காதோடு சொன்னார்.

"மெதுவா மூச்சு விடு மில்கானா. உன் காதுல வர்ற புகையப் பாத்துட்டு யாராச்சும் தீயணைப்பு வண்டியக் கூப்புட்டுறப் போறாங்க."

"எனக்கென்ன அண்ணே? எனக்குச் சந்தோஷம்தான்."

"தெரியுது, தெரியுது. சந்தோஷத்துல அந்த பானிட்ஸாவ மாவாப் பெசஞ்சுட்ட பாரு."

இந்த ஆய்வகத்தின் வேலை என்னவென்றால், நொதியைப் பிடித்து ஓரிடத்தில் உட்காரவைப்பது. சர்க்கரையைக் கண்டால் வேலையைத் தொடங்கிவிடும் ஒரு நொதி இருக்கிறது. தண்ணீரில் கரைத்துவிட்டால் ஒரு தடவையோடு அதன் கதை முடிந்தது. திரும்ப அள்ள முடியாது. அதையே ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கெட்டியாகப் பிடித்து வைத்துவிட்டால் நூறு தடவை பயன்படுத்தலாம், இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி செய்யலாம். ஆனால் நொதி ஒரு மானஸ்தன். பசை போட்டு ஒட்டினால் செத்துப்போகும். உடம்பில் அது கொழுப்புச் சுவர்களுக்கு நடுவே வாழ்ந்து பழகியது. அதனால் கொழுப்பாலேயே ஒரு படுக்கை போட்டுக் கொடுக்க வேண்டும். டெஃப்லான் தொட்டியில் தூய நீரை நிரப்பி, அதன்மேல் ஒரு துளி கொழுப்பை விட்டால், கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாகப் பரவும். இரு பக்கத்துச் சட்டங்களையும் மெல்ல நெருக்கினால் அந்தப் படலம் பாலில் ஆடை கூடுவதுபோல் கூடி நிற்கும். அதன் வழியே தகட்டை இறக்கி ஏற்றினால் படலம் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வரும்.

மில்கானாவின் முறை, முதலில் தகட்டில் கொழுப்பைப் படியவைத்து, பிறகு அதை நொதிக் கரைசலில் ஊறவைப்பது. நொதி போய்க் கொழுப்பின் மேல் உட்காரும். வெலினாவின் முறை வேறு. அவள் நொதியைத் தொட்டி நீருக்குள், படலத்துக்கு அடியில் செலுத்திவிட்டு நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். நொதி தானாக மேலேறிப் படலத்தில் தொங்கிக்கொண்டதும் இரண்டையும் சேர்த்துத் தூக்குவாள். இரண்டு கொழுப்பு அடுக்குகளுக்கு நடுவில் நொதி மாட்டிக்கொள்ளும்.

"நடுவுல வச்சு மூடிட்டா சர்க்கரை எப்படி உள்ள போகும்? மூச்சு முட்டிச் செத்துரும்," என்று ஒன்றரை வருடம் முன்பு, வெலினா ப்லோவ்தீவிலிருந்து வந்து சேர்ந்த வாரத்திலேயே மில்கானா தீர்ப்புச் சொல்லியிருந்தாள். சாகவில்லை. மில்கானாவின் தகடுகளில்தான் மூன்றாம் நாளே நொதியின் வேகம் ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். பதினான்கு வருடமாக இறங்குகிறது. அது ஏன் இறங்குகிறது என்பதுதான் அவளுடைய ஒன்பது கட்டுரைகள். கொழுப்போடு உராய்ந்து நொதி உருக்குலைந்து இறக்கிறது, அது இறக்கும் வேகம் இன்ன கணக்கு. உலகத்தில் நாற்பது பேர் அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். நாற்பது பேரின் பெயரும் அவளுக்கு மனப்பாடம்.

இப்போது ஒரே ஒரு இணைப் பேராசிரியர் பதவி காலியாகியிருந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒன்று. விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். மார்ச் பன்னிரண்டாம் தேதி ஐந்து பேர் கொண்ட குழுவின் முன்னால் இருவரும் பேச வேண்டும்.

மில்கானாவின் பொறாமை பதவியோடு நிற்கிற ரகமில்லை. அது வெலினாவின் தலை முதல் கால்வரை மேய்ந்தது. அந்த ஆய்வகத்தில் யாரும் கைக்குக் கிரீம் போடக் கூடாது. விரல்நுனி எண்ணெய் ஒரு பொட்டு தொட்டியில் விழுந்தால் அன்றைய வேலை போச்சு. அதனால் குளிர்காலம் முழுக்க அத்தனை பேரின் கைகளும் வெடித்துக் கிடக்கும். வெலினாவின் கைகள் மட்டும் வழவழப்பாக இருந்தன. திருட்டுத்தனமாகக் கிரீம் போடுகிறாளோ என்று மில்கானா ஒருநாள் கைகுலுக்கும் சாக்கில் அவள் உள்ளங்கையை முகர்ந்தே பார்த்துவிட்டாள். சோப்பு வாசனைதான் வந்தது. அதற்கும் எரிச்சல். மார்ச் முதல் தேதி வசந்தத்தை வரவேற்க ஊரே மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொண்டு திரிய, நூலின் தூசு தொட்டியில் விழும் என்று இவர்கள் மட்டும் கதவுக் கைப்பிடியில் கட்டுவார்கள். அந்த வருடம் வெலினா எல்லாருக்கும் தன் கையாலேயே முறுக்கிக் கொண்டுவந்திருந்தாள். மில்கானாவுக்குக் கொடுத்ததுதான் இருப்பதிலேயே அழகு. அது திட்டமிட்ட அவமதிப்பு என்று மில்கானா முடிவுகட்டினாள்.

வீட்டில் அவள் கணவன் பிளாமென், லிஃப்ட் பழுதுபார்ப்பவன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் கேட்பான்.

"சொல்லு, இன்னைக்கு வெலினா என்ன பண்ணா?"

"அவளப் பத்தி எனக்கென்ன பேச்சு?"

"நேத்து ஒருமணி நேரம் பேசுன. முந்தாநாள் சூப் ஆறிப்போற வரைக்கும் பேசுன. அந்தப் பொண்ணு என்ன நிறத்துல காலுறை போடுறான்னு எனக்கே தெரியும் மில்கானா. உன் பிறந்தநாள் மறந்துபோச்சு, அவ பிறந்தநாள் ஞாபகமிருக்கு."

"அவ நம்பர் பொய், பிளாமென். முப்பது நாள்லாம் நடக்கிற கதையே இல்ல."

"பொய்னா நிரூபி. இல்லன்னா ரொட்டிய இந்தப் பக்கம் தள்ளு."

நிரூபி என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நிரூபிக்க ஒரு வழி இருந்தது. இந்தத் தொழிலில் யாருக்கும் தோன்றக்கூடிய வழி, இந்த ஆய்வகத்தில் மட்டும் யாரும் செய்யாத வழி. நொதியின் வேகத்தை அளக்க, தகட்டைச் சர்க்கரையும் சாயமும் கலந்த ஒரு சிறு கண்ணாடிக் குப்பிக்குள் நிறுத்துவார்கள். நொதி வேலை செய்யச் செய்யக் கரைசல் பச்சையாகும். நிறமானி அந்தப் பச்சையை ஒரு காகிதத்தில் கோடாக வரைந்துகொண்டே போகும். கோடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகம். அளக்கும்போது பாதியில் தகட்டை வெளியே எடுத்துவிட்டால்? நொதி நிஜமாகவே தகட்டில் பிடிபட்டிருந்தால் பச்சையேறுவது அந்த நொடியே நிற்க வேண்டும். கோடு படுத்துவிடும். நொதி கழன்று கரைசலில் மிதந்துகொண்டிருந்தால், தகடு போன பிறகும் கோடு ஏறிக்கொண்டே இருக்கும்.

இதை ஏன் அங்கே யாரும் செய்யவில்லை என்றால், ஆய்வகத்தைத் தொடங்கிய பெரியவர் தன் கைப்பட எழுதி நிறமானிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டிவிட்டுப் போயிருந்தார்: அளக்கும்போது தகட்டைத் தொடாதே, வெளியே எடுத்தால் படலம் கிழியும். நாலு படலம் கிழிந்த கோபத்தில் எழுதியதாம். பெரியவர் இறந்து இருபது வருடம் ஆகிறது. சர்ச்சில் சிலுவை போட மறந்தாலும் மறப்பார்கள், அந்தக் கட்டளையை மட்டும் யாரும் மீறியதில்லை.

மார்ச் ஏழு, சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. மில்கானா குளிர்பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொருவரின் தகடுகளும் பெயர் எழுதிய குழாய்களில், உப்புநீரில் ஊறிக் கிடந்தன. அடுத்தவர் தகட்டைக் கேட்காமல் எடுப்பது அங்கே அடுத்தவர் பல்துலக்கியை எடுப்பதற்குச் சமம். அவள் வெலினாவின் குழாய்களில் இரண்டை எடுத்தாள். குற்ற உணர்ச்சி கிடையாது. உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

குழுவின் முன்னால் எப்படிக் கேட்க வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். "வெலினா, ஒரு சின்ன சந்தேகம். தகட்டை வெளிய எடுத்துப் பாத்தியாம்மா?" அந்த 'ம்மா' முக்கியம்.

முதல் தகட்டைக் குப்பிக்குள் நிறுத்தினாள். கோடு ஏறியது. பிசிறில்லாத, அழகான, செங்குத்தான கோடு. ஐந்தாம் நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தகட்டை மயிரிழை மயிரிழையாகத் தூக்கினாள். தகடு வெளியே வந்தது.

கோடு படுத்துவிட்டது.

பேனா தாளில் நேராக ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் பார்த்தாள். அசையவில்லை. தகட்டை மறுபடி இறக்கினாள். கோடு மறுபடி ஏறியது. அந்தச் சனியன் பிடித்த நொதி நிஜமாகவே பிடிபட்டிருந்தது. இரண்டாம் தகட்டிலும் அப்படியே. மில்கானா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டு நின்றுவிட்டிருந்தது.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பொறாமைக்காரிக்கு வெறுங்கையோடு போகப் பிடிக்காது. குறைந்தபட்சம் என் தகடும் இப்படித்தான் நிற்கும், அவளுடையது ஒன்றும் உலக அதிசயமில்லை என்று பார்த்துவிடலாம் என நினைத்து, நேற்று செய்த தன் தகடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கோடு ஏறியது. ஐந்தாம் நிமிடம் தூக்கினாள்.

கோடு ஏறிக்கொண்டே இருந்தது.

தகடு அவள் கையில் இருந்தது. குப்பியில் தகடில்லை. பேனா கொஞ்சமும் கூச்சமில்லாமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. தூக்கும்போது படலம் கிழிந்து நொதி கொட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பெரியவர் சொன்னது சரிதான்! அந்த நம்பிக்கை நாலு நிமிடம் நீடித்தது. பிறகு, தகட்டை எடுத்துவிட்டு மிச்சமிருந்த குழாயில், அந்தத் தகடு இரவெல்லாம் ஊறிக் கிடந்த உப்புநீரில், கொஞ்சம் சர்க்கரையும் சாயமும் விட்டுப் பார்த்தாள். கிழியாத படலம், யாரும் தொடாத படலம். குழாய் கண்முன்னே பச்சையாகியது. கோடைக்காலத்து வெள்ளரிக்காய்த் தோல் மாதிரிப் பச்சை.

நொதி இறக்கவே இல்லை. பதினான்கு வருடமாக அது ஒரு நாளும் இறந்ததில்லை. அவள் போட்ட படுக்கையில் தங்கப் பிடிக்காமல் எழுந்து போய்க்கொண்டிருந்தது. அவள் தினமும் அதைக் கழுவுநீரோடு சாக்கடையில் ஊற்றிவிட்டு, இறந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது கட்டுரைகள். நாற்பது பேர்.

அழுகை வரவில்லை. வந்தது வேறொரு நினைப்பு: இது வெலினாவுக்குத் தெரியக் கூடாது. வெலினா இந்தச் சோதனையைச் செய்திருப்பாளா? ஆய்வேடுகள் எல்லாம் பொது அலமாரியில்தான் இருக்கும், யாரும் யாருடையதையும் பார்க்கலாம் என்பது அங்கே வழக்கம். வெலினாவின் ஏட்டை எடுத்துப் புரட்டினாள். அக்டோபர் பதினாறு. தகடு வெளியே, கோடு நின்றது. மூன்று தடவை. அதற்குக் கீழே, அதே பக்கத்தில், இன்னொரு தகட்டின் எண்: மி-212.

மி என்றால் மில்கானா.

"ஐந்தாம் நிமிடம் வெளியே. ஏறுகிறது. மீண்டும் செய்தேன். ஏறுகிறது. ஊறிய நீரும் பச்சை." அவ்வளவுதான். ஓரத்தில் பென்சிலில், சின்ன எழுத்தில்: "எப்படிச் சொல்வது?"

அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்ததும்தான் மில்கானாவுக்கு உடம்பு பற்றியெரிந்தது. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஐந்து மாதம் இந்தப் பெண் எதிர் மேசையில் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்துகொண்டு, காலை வணக்கம் சொல்லியிருக்கிறாள். நூல் முறுக்கிக் கொடுத்திருக்கிறாள். அடுத்தவள் பொய்க்காரியாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

திங்கட்கிழமை காபி மூலையில் அவளை மடக்கினாள்.

"அக்டோபர்ல என் தகட்ட எடுத்தியா?"

வெலினாவின் முகம் வெளுத்தது. "எடுத்தேன் அக்கா. கேக்காம எடுத்தது தப்புதான்."

"அதக் கேக்கல. ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். நாலு தடவ வந்தேன். ஒவ்வொரு தடவையும் என் முகத்தப் பாத்ததும் நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. ஒரு தடவ, 'எனக்குத் தலவலி, அப்புறம் வா'ன்னீங்க. அப்புறமும் வந்தேன். அப்பவும் தலவலின்னீங்க."

மில்கானாவுக்கு அந்தத் தலைவலிகள் எல்லாம் நினைவிருந்தன. "புரொபசர்கிட்ட?"

"இல்லக்கா. அது உங்க தகடு. நீங்கதான சொல்லணும்."

"நடிக்காத வெலினா. போட்டியில நீயும் நிக்கிற. நீ வாயத் தெறந்தா வேல உனக்கு."

"ஆமா," என்றாள் வெலினா. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அதனாலதான் தெறக்க முடியல. இப்பச் சொன்னா வேலைக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும்ல."

மில்கானா திரும்பி நடந்தாள். நடந்துகொண்டே முடிவெடுத்தாள். இந்தப் பெண்ணின் தயவில் இணைப் பேராசிரியராவதா? ஒவ்வொரு திங்கட்கிழமையும் எதிர் மேசையில் இவள் பேசாமல் இருப்பதை நாள்பூராவும் பார்த்துக்கொண்டிருப்பதா? அதற்கு ஆய்வகத்தையே கொளுத்திவிடலாம். நேர்மை அவளைப் பிடித்து உலுக்கியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளை உலுக்கியது பொறாமைதான். அதுவும் சில சமயம் மனிதரைச் சரியான வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

பன்னிரண்டாம் தேதி அறை நிரம்பியிருந்தது. ஐந்து பேர் குழுவின் தலைவி வார்னாவிலிருந்து வந்திருந்த ஒரு வயதான பேராசிரியை, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். புரொபசர் ஒக்னியான் முதல் வரிசையில். அவருக்கு இரண்டு வரிசை தள்ளி வெலினா. லூபென் கதவோரம் நின்றார்.

மில்கானா தன் உரையின் முதல் பக்கத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "என் ஒன்பது கட்டுரைகளின் முடிவும் தவறு," என்று ஆரம்பித்தாள்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவள் நிற்கவில்லை. சனிக்கிழமைக் கோடுகளைத் திரையில் போட்டாள். இது தகடு உள்ளே. இது தகடு வெளியே. இதோ ஏறுகிறது. இது ஊறிய நீர். நொதி இறக்கவில்லை, வெளியேறுகிறது. நான் அளந்தது படலத்தில் பிடிபட்ட நொதியின் வேகத்தை அல்ல, தப்பித்த நொதியின் வேகத்தை. என் வேகக் கணக்கைச் சாவு என்று படிக்காமல் வெளியேற்றம் என்று படித்தால் எண்கள் அப்படியே பொருந்துகின்றன, ஆனால் அர்த்தம் முழுக்க மாறுகிறது. பெரியவரின் சட்டம் போட்ட கட்டளையைப் பற்றியும் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். ஒக்னியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பேசி முடித்தபோது அவளுக்கு உடம்பு லேசாகியிருந்தது. இனி வெலினாவின் கையில் அவளைப் பற்றி ஒன்றும் இல்லை.

தலைவி குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். இருபது வருஷமா இந்த ஆய்வகத்துல யாரும் செய்யாத சோதனை. அதுவும் போட்டிக்கு அஞ்சு நாள் முன்னாடி, சொந்த வேலைக்கு எதிரா. இது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

பதில் மூன்றே மூன்று எழுத்து. வெலினா. அக்டோபரிலேயே அவள் செய்துவிட்டாள், நான் அவளை மாட்டிவிடப் போய் என்னை மாட்டிக்கொண்டேன். ஒன்பது கட்டுரையைத் தவறென்று சொல்லிவிட்ட வாய்க்கு இது என்ன பெரிய காரியம்? ஆனால் அந்த வாய் திறக்கவில்லை. ஒன்பது கட்டுரையும் போகலாம். தவறைக் கண்டுபிடித்தவள் என்ற பெயரும் அவளுக்கே போக வேண்டுமா? இதிலும் அவள்தான் முதலா?

"என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு," என்றாள் மில்கானா.

தலைவி ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஒக்னியான் கைதட்ட ஆரம்பித்தார். அறை முழுக்கக் கைதட்டியது. மில்கானா பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். வெலினாவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வெலினா பேசினாள். அவள் தகடுகளின் கோடுகள் திரையில் ஏறின, நின்றன, ஏறின, நின்றன. தலைவி அவளிடமும் கேட்டார்.

"நீங்களும் தகட்ட வெளிய எடுத்துப் பாத்திருக்கீங்க. மில்கானா சொல்லித்தானா?"

மில்கானா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். அக்டோபர் பதினாறு என்று தேதியை மட்டும் சொன்னால் போதும். தேதியைச் சொல்வது கோள்மூட்டுவதும் ஆகாது. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

"ஒரே ரூம்ல வேல பாக்குறோம் மேடம்," என்றாள் வெலினா. "யாரு மொதல்லன்னு நாங்க வச்சுக்கிறதில்ல."

மூன்றுக்கு இரண்டு என்று மில்கானா ஜெயித்தாள். இளையவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னாராம். முடிவுத் தாளில் காரணம் என்று எழுதியிருந்த வரியை ஒக்னியான் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்: "அரிதான அறிவியல் நேர்மைக்காக." அடுத்த நாள் வழக்கப்படி மில்கானா விருந்து வைத்தாள். சாக்லேட் பெட்டிகள், உப்புக் கடலை, இரண்டு பாட்டில் திராட்சை மது. லூபென் பிளாஸ்டிக் கோப்பையை உயர்த்தினார்.

"மில்கானாவுக்கு! தன் கழுத்துல தானே கத்தி வச்சு, அதுலயும் வேலைய வாங்கிட்டாளே! இப்படியொரு ஆள நான் பாத்ததில்லப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். மில்கானாவும் சிரித்தாள். வெலினா வரிசையில் காத்திருந்து, தன் முறை வந்ததும் அவளுடைய இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டாள்.

"வாழ்த்துகள் அக்கா. நல்லாப் பேசுனீங்க."

மில்கானா அந்த முகத்தில் தேடினாள். ஒரு குத்தல், ஓரக்கண்ணில் ஒரு பார்வை, உதட்டோரம் ஒரு சுழிப்பு. ஏதாவது ஒன்று அகப்பட்டாலும் போதும், இவளை நிம்மதியாக வெறுத்துவிடலாம். ஒன்றும் அகப்படவில்லை. வெலினா பெட்டியிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து, தாளைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, தொட்டி அறைக்கு வேலை பார்க்கப் போனாள்.

பதினொரு வருடம் காத்திருந்த பதவி இப்போது மில்கானாவினுடையது. எதிர் மேசைக்காரியின் முறையை அவள் திங்கட்கிழமையே கற்றுக்கொள்ளலாம். நொதியைப் படலத்துக்கு அடியில் விடு, நாற்பது நிமிடம் சும்மா இரு, சேர்த்துத் தூக்கு. அதில் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. ஆனால் நேற்று வெலினாவின் நாற்காலியில் தான் இருந்திருந்தால் எழுந்து நின்று அக்டோபர் பதினாறு என்று கத்தியிருப்போம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண் கத்தவில்லை. கத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை. எப்படி முடிகிறது அவளால்? கோப்பையும் கையுமாக வாழ்த்துகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த மில்கானாவுக்கு, இத்தனை நாளில் இல்லாத அளவுக்கு வயிறு எரிந்தது.